ஆடும் மேகசின் குழாய்

கேள்வி: லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளின் மேகசின் குழாய் (பேரலுக்குக் கீழே தோட்டாக்கள் அடுக்கும் குழாய்) முன்னும் பின்னும் அசைகிறது. குழாயையே மாற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். முதலில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, சுடும் தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். சுடும் அதிர்வில் குழாயின் முனை மூடியின் திருகும், குழாயைப் பேரலோடு பிடிக்கும் பட்டையின் திருகும் தளர்வதே வழக்கம். மூடியைக் கழற்றும்போது கட்டை விரலால் அழுத்திப் பிடியுங்கள், இல்லையேல் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்துவிடும். குழாயின் பின்முனை ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடல்) பள்ளத்தில் முழுதாக அமர்ந்திருக்க வேண்டும். பல மாடல்களில் பட்டைத் திருகு குழாய்க்கும் பேரலுக்கும் இடையிலுள்ள வெட்டு வழியே போகிறது. வெட்டு நேராக இல்லாதபோது முறுக்கினால் மரை போய்விடும். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். திருகு இலகுவாக நுழையும்வரை குழாயைச் சற்றே திருப்புங்கள். மரையில் எண்ணெயைத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடேற்றாமல் கழலாது. பட்டையை நசுக்கி இறுக்காதீர்கள்: குழாயில் சிறு நெளிசல் விழுந்தாலும் தோட்டாக்களைத் தள்ளும் ஃபாலோயர் சிக்கும்.