கேளுங்ணா, சொல்றேன்: லிஸ்ட்டைக் கொஞ்சம் கண்ணுல காட்டுங்க

இந்த வாரம் தபால்லயும் வாட்ஸ்அப்லயும் வந்ததுல பாதிக்கு மேல உட்கட்சித் தேர்தல் பத்தின கேள்விதாங்க. ஆளு பேரு, கட்சி பேரு ரெண்டையும் நானே எடுத்துட்டேன், ஊருக்குள்ள பொழைக்கோணுமில்லீங்களா.

காங்கேயம் பக்கமிருந்து ஒரு வாசகர்: ஏனுங்ணா, நான் இருபத்திரெண்டு வருசமா ஒரே கட்சியில இருக்கேன், கொடி கட்டுறதுல இருந்து பூத் சிலிப் குடுக்குற வரைக்கும் எல்லாம் பண்ணிருக்கேன். இந்தத் தடவை ஒன்றியப் பொறுப்புக்கு மனு குடுக்கலாம்னு போனேன். கல்யாண மண்டபத்துல பத்து மணிக்கு ஆரம்பிச்சு பன்னெண்டுக்கு முடியும்னாங்க. பத்தரைக்குப் போனா ஃபாரம் தீர்ந்துபோச்சு, ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்காங்கன்னாங்க. பதினொன்றரைக்கு ஃபாரம் வந்துச்சு, பேனா இல்லைன்னாங்க. சமையக்காரர்கிட்ட பேனா வாங்கி எழுதிக் குடுத்தா, வெளி மாவட்டத்துல இருந்து வந்த தேர்தல் பொறுப்பாளர் லிஸ்ட்டைப் பொரட்டிப் பாத்துட்டு "உங்க பேரு இருக்குது, ஆனா அப்பா பேரு வேற மாதிரி இருக்குதே" ன்னாரு. என்ற அப்பன் பேரை எவன் மாத்துனான்னு எனக்கே தெரியல. பன்னெண்டே காலுக்குத் தக்காளி சோறு போட்டாங்க, பன்னெண்டரைக்கு மைக்ல ஏகமனதாத் தேர்வுன்னு சொல்லிட்டாங்க. இது நியாயமா?

பதில்: இல்லீங்க. ஆனா உங்க கோவமெல்லாம் அந்த ஜெராக்ஸ் மேலயும் பேனா மேலயும் இருக்குது பாருங்க, அங்கதான் நான் கொஞ்சம் மாறுபடுறேன். மண்டபத்துல நடந்தது கடைசி கூத்து. உங்களைத் தோக்கடிச்ச தேர்தல் அதுக்கு ஆறு மாசம் முந்தியே, உறுப்பினர் சேர்க்கை புஸ்தகம் ஊருக்கு வந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சு. புஸ்தகத்தை யார் கையில குடுத்தாங்க, அவரு வீடு வீடாப் போயி சேர்த்தாரா, இல்ல வாக்காளர் பட்டியலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்த எடத்துலயே பேரை எழுதி மொத்த சந்தாவையும் தன்ற கைக்காசுல கட்டுனாரா, இதைத்தான் நீங்க அப்பவே விசாரிச்சிருக்கோணும். அப்படிக் கட்டுனா அட்டையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு அவரு வீட்டு பீரோவுலதான் கெடக்கும், அட்டைக்குச் சொந்தக்காரருக்கு தான் கட்சியில இருக்குறதே தெரியாது, சில பேரு ரெண்டு கட்சியில கூட இருப்பாங்க. கெளையில ஓட்டு அவங்க பேர்லதான். கெளையில வந்தவங்கதான் ஒன்றியத்துக்கு ஓட்டுப் போடுவாங்க, ஒன்றியம் மாவட்டத்துக்கு, மாவட்டம் பொதுக்குழுவுக்குன்னு அது அப்படியே மேல போயிரும். நீங்க கீழ்பவானி பாசனக்காரருன்னு கடுதாசியிலயே தெரியுது, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியோணுமா, நீங்க கடைமடையில நின்னுக்கிட்டு தண்ணி வரலையேங்குறீங்க, மேல மதகுல எவன் கை வச்சான்னு அன்னைக்குப் பாக்காம விட்டுட்டீங்க.

ஒண்ணு சொல்றேன். தொண்ணூறுகள்ல அவிநாசிக்குத் தெக்கால ஒரு சின்ன ஊர்ல கெளைத் தேர்தலை வேடிக்கை பாக்கப் போயிருந்தேன், எந்தக் கட்சின்னு வேண்டாம். முப்பத்தஞ்சு நாப்பது பேரு இருந்திருப்பாங்க. மொதல்ல ஒரு பெரியவரு உறுப்பினர் நோட்டை எடுத்து பேரு ஒண்ணொண்ணா வாசிச்சாரு, கூப்புட்ட ஆளு எந்திரிச்சு நிக்கோணும். நாலு பேரு எந்திரிக்கல. அதுல ஒருத்தரு செத்து ரெண்டு வருசமாச்சுன்னு கூட்டத்துல இருந்து ஒரு சத்தம். அந்த நாலு பேரையும் செகப்பு மையில அடிச்சாரு. பொறவு தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்னாடி பேரு எழுதச் சொல்லி ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியில போட்டு எண்ணுனாங்க. வித்தியாசம் ரெண்டே ஓட்டு. தோத்தவரு மூஞ்சி சுண்டிப் போச்சு, பேசாம எந்திரிச்சுப் போயிட்டாரு. அடுத்த நாள் காலையில பேக்கரியில டீக்கு நிக்கறப்ப ஜெயிச்சவரு போயி வரவு செலவு நோட்டை அவரு கையில குடுத்து "கணக்கு நீங்களே பாருங்க மாமா, எனக்கு இது ஆகாது" ன்னாரு. எனக்கு அந்த நாலு செகப்புக் கோடுதான் இன்னும் கண்ணுல நிக்குது, அந்த வேலைக்கு மொத்தம் பத்து நிமிசம்கூட ஆகலீங்க.

கோபியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: எப்பப் பாத்தாலும் "போட்டியின்றித் தேர்வு" தான். அப்புறம் எதுக்குங்க தேர்தல்னு ஒண்ணு, நேரா அறிவிச்சுட்டுப் போலாமே?

பதில்: அப்படிப் போக முடியாதுங்க, தேர்தல் கமிஷன்ல கணக்குக் காட்டோணும். 1951-ம் வருச மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 29-ஏ ன்னு ஒரு பிரிவு இருக்குது, கட்சியைப் பதிவு பண்றது அதுலதான். பதிவுக்குக் குடுக்குற கட்சி விதியில, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருக்கா, அஞ்சு வருசத்துக்கு மேல போகாம, நிர்வாகிகளைத் தேர்தல் வச்சுத்தான் எடுப்போம்னு இருக்கோணும்ங்குறாங்க. போட்டி இருந்தே ஆகோணும்னு எங்கயும் கேக்கல. அதனால எல்லாரும் தேர்தல் அட்டவணை போடுவாங்க, மனு வாங்குவாங்க, ஒரே மனு வரும். திமுகவுல 2022 அக்டோபர் 9 பொதுக்குழுவுல ஸ்டாலின் ரெண்டாவது தடவை தலைவர் ஆனதும் போட்டியில்லாமத்தான். பாஜகவுல 2025 ஏப்ரல்ல மாநிலத் தலைவருக்கு நயினார் நாகேந்திரன் ஒருத்தரு மனுதான் வந்துச்சு. அதிமுகவுல 2023 மார்ச் 28-ல எடப்பாடி பழனிசாமி பொதுச்செயலாளர் ஆனதும் அதே மாதிரி.

போட்டி இல்லைங்குறதை மட்டும் வச்சு நான் குத்தம் சொல்ல மாட்டேங்க. நெசமாவே எல்லாருக்கும் புடிச்ச ஆளா இருக்கலாம். ஒருத்தன் போட்டி போடோணும்னு நெனைச்சா வாசல் எவ்வளவு அகலம்னு பாருங்க, வெவகாரம் அங்க இருக்குது. அதிமுகவுல 2022 ஜூலை 11 பொதுக்குழுவுல விதியை மாத்துனாங்களே, பொதுச்செயலாளருக்கு நிக்கோணும்னா பத்து மாவட்டச் செயலாளர் முன்மொழியோணும், இன்னும் பத்து மாவட்டச் செயலாளர் வழிமொழியோணும், அது போக தலைமைக் கழகத்துல அஞ்சு வருசம் பொறுப்புல இருந்திருக்கோணும். அடிப்படை உறுப்பினர்தான் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கோணும்ங்குறது எம்ஜிஆர் வச்ச விதி, அந்த ஓட்டு ஏட்டுல இன்னமும் இருக்குது, ஆனா இருபது மாவட்டச் செயலாளரைத் தாண்டி வந்தவனுக்குத்தானே ஓட்டு. சில்லறை ஆளுங்க எல்லாம் நின்னு கேலிக்கூத்தாயிரக் கூடாதுங்குறது அவங்க பக்க நியாயம், அதுலயும் கொஞ்சம் அர்த்தம் இருக்குதுங்க, ஆனா இருபதுங்குறது எச்சு.

பொள்ளாச்சி கல்லூரி மாணவர்: அண்ணா, நெசமாலுமே ஓட்டுப் போட்டு எண்ணுன தேர்தல் ஏதாச்சும் நம்ம கட்சிகள்ல நடந்திருக்கா? எங்க தாத்தா இருக்குதுங்குறாரு, நான் நம்பல.

பதில்: தாத்தா சொன்னது சரி கண்ணு, அதுவும் உங்க ஊருப்பக்கத்து ஆளு சம்பந்தப்பட்டது. 1954-ல ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு எறங்குனப்ப காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் யாருன்னு ஓட்டெடுப்பு வச்சாங்க. ஒரு பக்கம் காமராஜர். இன்னொரு பக்கம் ராஜாஜி ஆளுங்க நிறுத்துனது பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம், பின்னாடி பசுமைப் புரட்சின்னு பாடத்துல படிச்சிருப்பியே, அவரேதான். காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41. ஜெயிச்ச காமராஜர் சி.எஸ்.ஸையும் அவருக்கு ஆதரவா நின்ன பக்தவத்சலத்தையும் தன்ற மந்திரிசபையில சேத்துக்கிட்டாரு. இன்னைக்கு எதிர்த்து மனு குடுத்தவனுக்கு கல்யாணப் பத்திரிகைகூட வர்றதில்லை.

அதுக்கு முந்தி 1940-ல தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல்லயும் காமராஜரை எதிர்த்து நின்னது கோயமுத்தூர் சி.பி.சுப்பையா, 103-க்கு 100, மூணே ஓட்டு. ரெண்டு தடவையும் நம்ம பக்கத்து ஆளு தோத்துட்டாருன்னு எனக்குக் கொஞ்சம் வெசனம் உண்டு, அது வேற சமாச்சாரம்.

கிட்டத்துல பாத்தீன்னா 2022 அக்டோபர்ல அகில இந்திய காங்கிரஸ் தலைவர் தேர்தல். கார்கே 7,897, சசி தரூர் 1,072, செல்லாதது 416. அதுலயும் பிராது வந்துச்சு. ஓட்டுச்சீட்டுல புடிச்ச ஆளுக்கு நேரா "1" னு எழுதச் சொன்னாங்க, ஆனா சீட்டுல மொதல் நம்பரே கார்கே, அப்ப "1" னு எழுதுனா குழப்பம் வருமில்லன்னு தரூர் ஆளுங்க கேட்டாங்க, பொறவு டிக் அடிச்சாப் போதும்னு மாத்துனாங்க. உத்தரப்பிரதேசத்துப் பெட்டி சீல் பத்தியும் புகார் குடுத்தாங்க. ஓட்டுப் போடுற பிரதிநிதிங்க லிஸ்ட்டை எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்கன்னு கேட்டதுதான் அதுல பெரிய கேள்வி, பாத்தியா, அங்கயும் லிஸ்ட்தான்.

கம்யூனிஸ்ட் கட்சிகள்ல கெளை மாநாட்டுல இருந்து அகில இந்திய மாநாடு வரைக்கும் வரிசையா நடக்கும். 2025 ஏப்ரல்ல மதுரை மாநாட்டுல மார்க்சிஸ்ட் மத்தியக் குழுவுக்கு தலைமை குடுத்த பட்டியலை எதிர்த்து மகாராஷ்டிராக்காரர் ஒருத்தரு நின்னாரு, 31 ஓட்டுதான் விழுந்துச்சு. தோத்தாரு, ஆனா நின்னாரு, எண்ணிச் சொன்னாங்க.

திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஒரு சகோதரி: எங்க வார்டுல மகளிரணி பொறுப்புக்கு என்னைக் கேக்காமலே என் பேரைப் போட்டுட்டாங்க, போஸ்டர்ல படம் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். கூட்டத்துக்குப் போனா "நீ வீட்டுக்குப் போ அம்மிணி, அண்ணன் பாத்துக்குவாரு" ங்குறாங்க. என்ன செய்ய?

பதில்: உங்க பேர்ல வர்ற சுற்றறிக்கை, கூட்ட அழைப்பு எல்லாம் யாரு கைக்குப் போகுதுன்னு மொதல்ல கேளுங்க. அடுத்த கூட்டத்துக்கு ஷிப்ட் முடிச்சுட்டு நேரா போயி, வருகைப் பதிவேட்டுல உங்க கையெழுத்தை நீங்களே போடுங்க. ஏற்கனவே வேற எவனாச்சும் போட்டிருந்தா, அந்தப் பக்கத்தைப் போன்ல ஒரு போட்டோ. அண்ணன் அடுத்த தடவை உங்களை வீட்டுக்குப் போகச் சொல்ல கொஞ்சம் யோசிப்பாரு.

பெருந்துறை வாசகர்: இந்த அநியாயத்தைத் தேர்தல் கமிஷன்ல புகார் பண்ணுனா கட்சியோட பதிவையே ரத்து பண்ண முடியுமா?

பதில்: முடியாதுங்க. மோசடியா பதிவு வாங்குனது மாதிரி ஒண்ணு ரெண்டு காரணத்தைத் தவிர, பதிவை ரத்து பண்ற அதிகாரம் கமிஷனுக்கு இல்லைன்னு 2002-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கட்சி ரெண்டாப் பிளந்து சின்னம் எனக்கா உனக்கான்னு வந்தா 1968-ம் வருச சின்னங்கள் ஆணைப்படி விசாரிப்பாங்க, ஆனா அது பெரியவங்க சண்டை, ஒன்றியத்துல பேனா குடுக்கலைங்குறதெல்லாம் அங்க எடுபடாது. சிவில் கோர்ட் இருக்குது. அந்த ஜூலை 11 பொதுக்குழு செல்லுமான்னு நடந்த அதிமுக வழக்கு 2022-ல ஹைகோர்ட் தனி நீதிபதிகிட்ட ஒரு மாதிரி, அடுத்த மாசமே ரெண்டு நீதிபதி உக்காந்த டிவிஷன் பெஞ்சுல வேற மாதிரி, 2023 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத்துல முடிவுன்னு ஓடுச்சே, அந்த மாதிரி வக்கீல் வைக்க ஒங்களுக்கும் எனக்கும் தோட்டத்தை விக்கோணும். 1999-ல சட்ட ஆணையம் தன்ற 170-வது அறிக்கையில உட்கட்சி ஜனநாயகத்துக்குன்னே சட்டத்துல தனிப் பகுதி சேக்கச் சொல்லி எழுதிக் குடுத்துச்சு. நிறைவேத்த வேண்டியது யாருன்னா, எதிர்த்து ஒரு மனுகூட வராம ஜெயிச்சவங்கதான்.

மறுபடியும் காங்கேயத்துக்காரர் (போன்ல): சரீங்ணா, அடுத்த தடவை நான் நிக்கட்டுமா, வேண்டாமா? ஊட்டுல வேண்டாம்ங்குறாங்க.

பதில்: நில்லுங்க. ஆனா இந்த மாசத்துலயே உங்க கெளை உறுப்பினர் பட்டியல் நகல் வேணும்னு மாவட்டத்துக்கு ரிஜிஸ்டர் தபால் போடுங்க, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வைங்க. தர மாட்டாங்க, தெரியும், கேட்டதுக்கு ஆதாரம் இருக்கட்டும். பட்டியல் எப்படியாச்சும் கைக்கு வந்தா ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரைக் கூட்டிட்டு வீடு வீடாப் போயி "நீங்க உறுப்பினரா, அட்டை கையில இருக்குதா" ன்னு மட்டும் கேளுங்க, வேற எந்தப் பேச்சும் வேண்டாம். அப்பா பேரை இப்பவே திருத்தி எழுதிக் குடுங்க. மனு ஃபாரம் ரெண்டு காப்பி முன்கூட்டியே எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல வாங்குன நேரத்தையும் போட்டுக் கையெழுத்து வாங்குங்க. பேனா ரெண்டா வச்சுக்கங்க, ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு அந்தப் பொறுப்பாளருக்கு.