கொழும்பில் சார்ஜன்டாகப் பதவி உயர்ந்த பொலிஸ்காரருக்குத் தலைமைத்துவப் பயிற்சி உண்மையில் பயன்படுமா?

தம்பி கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஆகியிருக்கிறார், தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள், அதில் பிரயோசனம் உண்டா இல்லை சான்றிதழோடு முடிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் உப பொலிஸ் பரிசோதகராகச் சேர்ந்து பரிசோதகராக ஓய்வு பெற்றவன். பெரும்பாலான காலம் கொழும்பில்தான் கடமை. பயன்படும் என்பதுதான் என் பதில். ஆனால் தம்பி அங்கே போய் ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: தனக்குக் கீழே இருக்கிற கான்ஸ்டபிளிடம் எப்படிப் பேசுவது என்பதை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நான் அதை மிகப் பிந்தித்தான் கற்றேன். உப பரிசோதகராகி ஓரிரு மாதம் இருக்கும். மொனராகலைப் பக்கத்துப் பையன் ஒருவன், கான்ஸ்டபிள், காலைப் பரேட்டுக்குக் கால் மணித்தியாலம் பிந்தி வந்தான். முதல் நாள் இரவுக் கடமை. முகம் கழுவின ஈரம்கூடக் காயவில்லை. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் வைத்து, "நித்திரை கொள்ளவா உனக்குச் சம்பளம்?" என்று சிங்களத்தில் கத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை, நேரே பார்த்தபடி நின்றான்.

பத்து மணியிருக்கும். அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று முறைப்பாடு போட ஒரு தமிழ் ஐயா வந்தார். எழுபது வயதுக்கு மேல். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. எங்கே தொலைத்தார் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, சிங்களமும் தடுமாறியது. மேசையில் இருந்தவன் அந்தப் பையன்தான். "நித்திரை கொண்டுகொண்டா நடந்தாய்?" என்று அவரைப் பார்த்துக் கத்தினான். காலையில் என் வாயிலிருந்து போனது அப்படியே அவன் வாய் வழியாக அந்த ஐயாவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த ஐயாவுக்கு நான் கதிரை போட்டுக் கொடுத்து, முறைப்பாட்டை நானே எழுதினேன். ஆனால் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் மூன்று நாள் எடுத்தது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமல்ல. டொம் டைலர் என்ற அமெரிக்க உளவியலாளர், மக்கள் ஏன் பொலிஸை நம்புகிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். வழக்கில் தாங்கள் வெல்வதைவிட, தங்கள் பக்கத்தைச் சொல்ல விட்டார்களா, எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினார்களா, மரியாதையாகப் பேசினார்களா, நல்ல நோக்கத்தோடு நடந்தார்களா என்பதைத்தான் மக்கள் பெரிதாக எடுக்கிறார்கள் என்கிறார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அதே கேள்விகளை நிலையத்துக்கு உள்ளேயும் கேட்டன. மேலதிகாரி தன்னை நியாயமாக நடத்துகிறார் என்று நினைக்கிற பொலிஸ்காரர் வெளியில் மக்களையும் நியாயமாக நடத்தவே அதிகம் விரும்புகிறார் என்று தெரியவந்தது.

சார்ஜன்டுக்கு இதில் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை ஒரே பரக்கில் படுத்து, ஒரே பார்சல் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்ட கூட்டாளிக்கு இன்று அவர் மேலதிகாரி. அந்தக் கூட்டாளி தவறு செய்தால்? பயிற்சியில் ஒருவர் சார்ஜன்டாகவும் மற்றவர் கான்ஸ்டபிளாகவும் நடித்துப் பார்க்கச் சொல்வார்கள். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு சிலர் ஒதுங்கிவிடுவார்கள். தம்பியை ஒதுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டு, முதலில் காரணம் கேட்டு, பிறகு பிழையைச் சொல்வது வாயால் பழகினால்தான் வரும். புத்தகத்தில் வாசித்தால் வராது.

லீவும் அப்படித்தான். கொழும்பில் வேலை செய்கிறவர்களில் பலருக்கு வீடு பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலத் தூரம். சித்திரைப் புத்தாண்டுக்கு யார் வீட்டுக்குப் போகிறார்கள், இரவுக் கடமை யாருக்குத் திரும்பத் திரும்ப விழுகிறது என்பதை எல்லாரும் கணக்கு வைத்திருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். கடமைப் பட்டியலில் ஒருவருக்குச் சலுகை காட்டினால் பிறகு என்ன பேசியும் எடுபடாது.

இன்னொன்று, கீழே இருப்பவர் "சேர், இது சரியில்லை" என்று சொன்னால் கேட்கிற மனம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், பொலிஸார் தரையில் அழுத்திப் பிடித்திருந்த ஜோர்ஜ் ஃபிளொய்ட் இறந்தபோது, அவரைப் பக்கவாட்டில் திருப்பலாமா என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பொலிஸ்காரர் கேட்டார், ஒரு தடவை அல்ல. கழுத்தில் முழங்காலை வைத்திருந்த டெரெக் ஷோவின், 19 வருடம் சேவை செய்தவர், புதியவர்களைப் பயிற்றுவிக்கிற அதிகாரி. அவர் வேண்டாம் என்றார். கேட்டவர் அதற்கு மேல் போகவில்லை. இந்த இடத்தைப் பயிற்சியில் எடுக்காவிட்டால், தம்பியே கையை உயர்த்திக் கேட்கட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. ஆனாலும் கொழும்பில் தமிழ் ஆட்கள் தங்களுக்கு வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடு, எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டு, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்கு என்று சொல்ல நிலையப் பொறுப்பதிகாரி (ஓ.ஐ.சி.) வரத் தேவையில்லை. அந்த நேரம் கடமையில் இருக்கிற சார்ஜன்ட் சொன்னாலே நடக்கும்.

பயிற்சி முடிந்து வந்த முதல் வாரம், தம்பி தினமும் அரை மணித்தியாலம் முறைப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ஒன்றும் பேசாமல் இருந்து பார்க்கட்டும். காலையில் தான் பேசினது அங்கே அவர் காதில் விழும்.