ஷூ லேஸ் கட்டும்போது வரும் இருட்டு

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எடை 71 கிலோ. மூன்று மாதமாகத் தலைவலி. ஸ்கேனில் கட்டி இல்லை. முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் அழுத்தம் 36 செ.மீ. டயமாக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள். விரல் மரத்துப்போகிறது, சோடா சப்பென்று இருக்கிறது என்றாள். பத்து நாளாக நிறுத்திவிட்டோம். ஷூ லேஸ் கட்டி நிமிர்ந்தால் இரண்டு நொடி கண் இருட்டுகிறதாம். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாள். முழுப் பரீட்சை முடிந்ததும் கண் டாக்டரிடம் போகலாமா?

பதில்: "மற்றபடி நன்றாகத்தான்" என்று எழுத எப்படி மனசு வந்தது? தலைவலியைவிட அந்த ஷூ லேஸ்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைக்குள் அழுத்தம் கூடிய பிள்ளைக்குக் குனிந்து நிமிரும்போது கண் இருட்டினால், கண் நரம்பு வீங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீக்கம் நீடித்தால் பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து சுருங்கும். நேர்ப் பார்வை கடைசிவரை தாக்குப்பிடிப்பதால் கரும்பலகையைக் கடகடவென்று படிப்பாள்; நீங்களும் நம்பிவிடுவீர்கள். அழிந்த நரம்பு திரும்ப வராது. எந்தப் பரீட்சைக்காக இதைத் தள்ளிப்போடுகிறீர்கள்?

கட்டி இல்லை என்றதும் கண்டம் தப்பியது என்று வீடே கையைக் கழுவிவிடும். பல வீடுகளில் பார்த்துவிட்டேன். முதுகில் நீர் எடுத்து அளந்த அந்த அழுத்தம் குழந்தைகளுக்கு 28 செ.மீ.க்கு மேல் போனாலே அதிகம். உங்கள் மகளுக்கு 36.

மூளையைச் சுற்றி ஊறும் நீரை அந்த மாத்திரை குறைக்கிறது. விரல் மரத்துப்போவதும் சோடா ருசி மாறுவதும் அதன் வழக்கமான பக்கவிளைவுகள். தாங்கவில்லை என்றால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ டாக்டர் இருக்கிறார். நீங்களாக நிறுத்த யார் சொன்னது? பார்வை மளமளவென்று இறங்கினால், நரம்பின் உறையைத் திறந்துவிடுவது, நீரை வடிக்கக் குழாய் வைப்பது என்று அறுவைசிகிச்சைக்குத்தான் போக வேண்டிவரும்.

எடை குறைந்தால் இந்த வயதுப் பெண்களுக்கு அழுத்தமும் இறங்கும். சரி, அதற்காக அவள் தட்டில் மட்டும் வெள்ளரிக்காயை வைத்துவிட்டு, எதிரில் அப்பாவும் தம்பியும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தால் அது வைத்தியமா, தண்டனையா? வீட்டில் ஒரே சமையல்தான் இருக்க வேண்டும். அவள் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அவரும் வரட்டும்.

ஆமாம், நாளைக்கே. விழித்திரைச் சோதனையோடு, ஓரப் பார்வையை அளக்கும் பார்வைப் புலச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நரம்பியல் டாக்டரிடம் மாத்திரையை நிறுத்தியதை மறைக்காதீர்கள். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள். அதனாலேயே இந்த அழுத்தம் வருவதுண்டு. சாப்பிட்டால் அந்த அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.