ஆச்சி பதில்கள்: தண்ணீர் கூடவே நடந்து பாருங்கள்

கேள்வி: காரைக்குடியில் கல்லூரியில் படிக்கிறோம். பருவநிலை மாறி வருவதற்கு நம்மால் ஆனதைச் செய்வோம் என்று எங்கள் ஊர் ஊருணிக் கரையில் நூறு மரக்கன்றுகள் நடப் போகிறோம். பெரியவர்களோ, "முதலில் ஊருணியில் தண்ணீர் நிற்கட்டும்" என்று சிரிக்கிறார்கள். நாங்கள் செய்வது தப்பா, ஆச்சி?

பதில்: தப்பில்லை தம்பி. ஆனால் சிரித்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் நூறு கன்றுக்கு யார் குடம் சுமப்பது?

அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மேட்டிலிருந்து ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் தண்ணீர் கூடவே நடந்து பாருங்கள். எங்கே முட்டுகிறது, எங்கே திரும்புகிறது என்று நோட்டில் குறியுங்கள். சில இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்திருக்கும். அதை வெட்டினால் மறுபடி தழைக்கும், தூரோடு பிடுங்க வேண்டும். சில இடத்தில் என்னைப் போல ஓர் ஆள் அடைத்திருப்பார். ஆமாம், கார் ஏறட்டும் என்று வாசல் முன்னால் ஓடும் வரத்துக்காலில் மண்ணைக் கொட்டி சிமென்ட் பூசினவள்தான் நான். அந்த ஐப்பசியில் தெருத் தண்ணீர் ஊருணிக்குப் போகாமல் எங்கள் முகப்புப் படியேறி வந்தது. மறுவாரமே உடைத்துக் குழாய் பதித்தேன். செலவு இரட்டிப்பு, பேச்சு வேறு.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் இப்போது பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மூன்று நாளில் வர வேண்டியது மூன்று மணி நேரத்தில் வரும்போது வரத்துக்கால் அடைந்திருந்தால், ஐப்பசியில் வீட்டுக்குள் வெள்ளம், பங்குனியில் தெருவில் தண்ணீர் லாரி.

அப்புறம், ஊரில் பூட்டிக் கிடக்கும், நடுவில் முற்றம் வைத்த வளவு வீடுகள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் 900 லிட்டருக்கு மேல். எங்கள் அப்பத்தா முற்றத்தில் அண்டா வைத்து அதைத்தான் பிடித்தார். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழிகள் பல வீட்டில் மண் மூடிக் கிடக்கின்றன. சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தூர் வாருங்கள். வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஆக்கிரமிப்பு என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். படம் எடுத்து, அக்டோபர் 2 கிராம சபையில் மனுவாகக் கொடுத்துத் தீர்மானம் கேளுங்கள். கன்றை ஐப்பசி ஈரத்தில் நடலாம். பத்துப் பேர் இருந்தால் இருபது கன்று. நூறு வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு சொல்கிற ஆச்சி வீட்டில் ஏசி உண்டா?

பதில்: உண்டு, மாடி அறையில். பேரன் வந்தால் ஓடும். நான் படுப்பது சுண்ணாம்புச் சுவர் வளவில், ஆத்தங்குடிக் கல் மேல் பாயை விரித்து.