கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமில்லை என்று ஆசிரியர் சொல்லலாமா?

கேள்வி: சின்னப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவை நிஜமென்று நம்பினால், வகுப்பு ஆசிரியர் அதைத் திருத்த வேண்டுமா?

தானாகப் போய்த் திருத்த வேண்டாம். பிள்ளை நேருக்கு நேர் கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம். நான் பாளையங்கோட்டைப் பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். டிசம்பர் பிறந்தால் இந்தக் கேள்வி எப்படியும் என் வகுப்புக்கு வந்துவிடும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தாத்தா கண்ணில் படாமல் ராத்திரி வந்து போகிறவர். பெற்றவர்கள் வருஷக்கணக்காகக் கட்டிக்காக்கும் ரகசியம் அது. வெளியாள் உடைத்தால் ரகளைதான். 2018-இல் நியூஜெர்சியின் மான்ட்வில்லில், முதல் வகுப்புக்கு மாற்று ஆசிரியராக வந்தவர் சாண்டா கிடையாது என்று சொல்லிவிட, பள்ளி முதல்வர் பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இதையே சொன்ன ஒரு போதகர் மன்னிப்புக் கேட்டார். கேட்ட பிள்ளைகளுக்கு வயது 10, 11. (அந்த வயதிலுமா என்று எனக்கு ஆச்சரியம்தான்.)

எங்கள் பக்கத்தில் தாத்தா அப்படி ஒளிந்து வருகிறவர் இல்லை. கீத பவனியோடு தெருவுக்கே வந்து, டிரம் சத்தத்துக்கு ஆடி, மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகிறவர். முகமூடிக்குள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி விளையாட்டே. ஒரு தடவை பள்ளி விழாவில், தலையணைத் தொப்பையோடு தாத்தா ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு வாண்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “மிஸ், இது நம்ம வேன் அண்ணன் செருப்புல்லா?” “அப்படியா? வேற என்னத்தப் பாத்த?” என்றேன். ஓடிப்போய் மணிக்கட்டை உற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். “வாட்சும் அவருக்குள்ளதுதான்.” பிறகு வரிசையில் நின்று, “தேங்க்யூ தாத்தா” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி மிட்டாயை வாங்கிக்கொண்டாள். இவளுக்கு நான் என்ன திருத்துவது? புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போடாது என்பதையும் எந்த டீச்சரும் நமக்குச் சொல்லித் தரவில்லையே.

நான் உடனே திருத்துவது வேறொன்று: ‘நல்ல பிள்ளைக்குத்தான் தாத்தா பரிசு தருவார்’ என்கிற பேச்சு. அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் நாளில் ஒருவன் புது சைக்கிள் கதை சொல்வான். அடுத்த பெஞ்சில் இருப்பவனுக்கு ஒன்றும் வந்திருக்காது. “நான் சேட்டை பண்ணுவேன், அதான்” என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பான். அப்பாவுக்கு அந்த மாதம் வேலை இல்லாதது அவன் கணக்கில் வராது. பரிசு வருவதும் வராததும் வீட்டுப் பெரியவர்கள் கையில் காசு இருப்பதைப் பொறுத்தது, உன் சேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அங்கேயே சொல்லிவிடுவேன். வகுப்பை அடக்க “தாத்தா பாத்துக்கிட்டே இருக்காரு” என்று மிரட்டும் ஆசிரியர்களோடு ஸ்டாஃப் ரூமில் சண்டையே போட்டிருக்கிறேன். இந்தத் தாத்தாவுக்கு மூலம், இன்றைய துருக்கியில் இருக்கும் மைராவில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலாஸ். ஏழை ஒருவரின் மூன்று பெண்களுக்குச் சீதனமாக ராத்திரியில் ரகசியமாகப் பொன் போட்டார் என்பது அவரைப் பற்றிய கதை. அந்தப் பெண்கள் சேட்டை பண்ணினார்களா என்று அவர் விசாரித்ததாகக் கதையில் இல்லை!

நேராகக் கேட்கும் பிள்ளையைத் தட்டிக்கழிப்பது பழைய வழக்கம். 1897-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா என்ற 8 வயதுச் சிறுமி சாண்டா உண்டா என்று கேட்டபோது, பத்திரிகைக்கு எழுதிக் கேள் என்று அப்பா நழுவிக்கொண்டார். ‘நியூயார்க் சன்’ செப்டம்பர் 21 தலையங்கத்தில் உண்டு என்று அடித்துச் சொன்னது. அழகான எழுத்துதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. அந்த வர்ஜீனியா பிற்காலத்தில் பள்ளி ஆசிரியரானார். அவர் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் முதலில் “நீ என்ன நெனைக்க?” என்பேன். பெரும்பாலும் அதோடு சரி, நம்ப ஆசைப்படுகிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும். விடாமல் மறுபடி கேட்டால் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, வீட்டிலும் ஒரு வார்த்தை தெரிவித்துவிடுவேன். விஷயம் தெரிந்தவர்களுக்கு எல்கேஜி பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலம் கட்டும் வேலை. ரகசியம் இதுவரை வெளியே போனதில்லை, மிட்டாய்தான் எண்ணிக்கையில் குறையும்.