பாதி மயிலும் ஞாயிற்றுக்கிழமையும்

கேள்வி: எனக்கு 43 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், துணியின் கட்டங்களை எண்ணிப் பெருக்கல் குறி போலப் போடுகிற கிராஸ் ஸ்டிட்ச்சில் ஒரு மயில் படம் ஆரம்பித்தேன். 14 கட்டத் துணி, 10 அங்குல அகலம், 15 அங்குல உயரம். பாதிதான் முடிந்திருக்கிறது. பகலில் நேரம் கிடைப்பதில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு எடுத்தால் சில நாள் ஒரு மணிகூட ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கணவர் டேமுக்குக் கூப்பிடுவார், நாத்தனார் தீர்த்தமலைக்குக் கூப்பிடுவார். "வேலை இருக்கு" என்று மறுத்துவிட்டு மயிலோடு உட்கார்ந்துவிடுகிறேன். போன மாதம் பிளஸ் டூ படிக்கும் என் மகள், "அம்மாவுக்கு ஊசி நூல் போதும், நாம எதுக்கு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஊசியைத் தொட்டாலும் குற்ற உணர்ச்சி, தொடாவிட்டாலும் ஏக்கம். "இதை வித்தாலாவது நாலு காசு வரும்" என்று மாமியார் வேறு சொல்கிறார். இதை மூட்டை கட்டி வைத்துவிடவா? இன்னொரு சின்ன சந்தேகம்: துணியில் ஊசி குத்தியிருந்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி வந்திருக்கிறது. அது போகுமா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

மூட்டை கட்ட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வியைத்தான் இரண்டு தடவை அடித்து எழுதியிருந்தீர்கள்.

கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 14 கட்டத் துணி என்றால் ஒரு அங்குலத்துக்கு 14 தையல். அகலத்தில் 140, உயரத்தில் 210. மொத்தம் 29,400 தையல். கை பழகியவர்கள் மணிக்கு ஏறக்குறைய நூறு தையல் போடுவார்கள். நிறம் அடிக்கடி மாறுகிற இடத்தில் அதுவும் குறையும். அப்படியானால் முழு மயிலுக்கும் முந்நூறு மணி நேரம் வேண்டும். பாதி முடித்துவிட்டீர்கள். மீதி நூற்றைம்பது மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏழு மாதத்தில் தோகையின் கடைசிக் கண் வரை முடிந்துவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். டேமுக்குப் போகாமல் வீட்டில் இருந்தீர்களே, அன்றைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் தைத்தீர்கள்? சமையல், துணி, வந்து போகிறவர்கள் எல்லாம் போக இரண்டு மணி நேரம் இருக்குமா? இரண்டு மணி நேரத்துக்கு இருநூறு தையல். ஒரு சதுர அங்குலத்தில் 196 தையல் இருக்கிறது. ஆக, வீட்டுக்காரரும் மகளும் கிளம்பிப் போக நீங்கள் வாசலில் நின்று அனுப்பி வைத்த அந்த நாளில் உங்களுக்குக் கிடைத்தது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு. அதை இழந்தால் மயிலுக்கு ஒன்றும் ஆகாது. மகள் அடுத்த வருடம் காலேஜ் என்று ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் இந்த ஞாயிறுகள் திரும்பி வராது.

ஆனால், இதைச் சொன்னதும் "அப்ப ஊசிதான் தப்பு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்தவரை சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் இந்த வேலைக்கு யாரிடமும் நேரம் கேட்டு வாங்கவில்லை. திருடிக்கொண்டிருக்கிறீர்கள். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தூக்கத்திலிருந்து திருடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை "வேலை இருக்கு" என்று பொதுவாகச் சொல்லி, என்ன வேலை என்று சொல்லாமல், குடும்பத்திடமிருந்து திருடுகிறீர்கள். திருடிய நேரத்தில் உட்கார்ந்தால் மனசு நிம்மதியாக இருக்காது. யாராவது கதவைத் தட்டினால்கூட எரிச்சல் வரும். மகளுக்குத் தெரிவது அந்த எரிச்சல்தான், மயில் இல்லை.

அதனால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சாயந்திரம் நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரை நான் தைப்பேன். அந்த நேரத்துல காபி நீங்களே போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை தைக்க மாட்டேன், எங்க கூப்பிட்டாலும் வரேன்." இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் வாரம் யாராவது நாலரை மணிக்கு "பருப்பு எங்க இருக்கு" என்று கேட்பார்கள். எழுந்திருக்காமல் இடத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது வாரத்தில் கேட்க மாட்டார்கள்.

நாலு மணி என்று நான் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 43 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மெல்ல மெல்ல மங்கலாகத் தெரியும், பெரியவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள். இரவு டியூப் லைட்டில், கருநீல நூலை எண்ணி எண்ணிப் போடுவதால் வரும் தலைவலியை நீங்கள் தூக்கமின்மை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு தடவை கண் பரிசோதனை செய்து, தேவையென்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சாயந்திர வெளிச்சம் இடது தோள் பக்கமாக விழும்படி திண்ணையில் உட்காருங்கள், வலது கைக்காரர் என்றால் ஊசியின் நிழல் துணியில் விழாது. உங்கள் துணி வெள்ளை என்றால் மடியில் ஒரு கருநிறத் துண்டை விரித்து அதன் மேல் வேலையை வைத்தால் துணியின் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி எதிரே இருக்கிற தென்னை மரத்தையாவது கொஞ்ச நேரம் பாருங்கள்.

அப்புறம், வெளியே போகும்போது கையில் ஒன்றும் இல்லாமல் தவிப்பாக இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது எனக்கு நன்றாகப் புரிகிறது. இதற்கு நான் பல வருடங்களாகச் செய்வது, வீட்டு வேலை ஒன்று, பை வேலை ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்வதுதான். மயில் வீட்டு வேலை. அது வாசற்படி தாண்டக் கூடாது. எண்ணிப் போடுகிற தையலைப் பஸ்ஸில் எடுத்தால் ஒரு குலுக்கலில் கணக்கு போய்விடும், அப்புறம் வீட்டுக்கு வந்து பிரிக்க வேண்டியதுதான். பைக்குக் குரோஷா நல்லது. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அவ்வளவுதான். கூர்முனை கிடையாது, கீழே விழுந்தால் தேட வேண்டாம், தப்பாகப் போட்டால் இழுத்தால் பிரிந்துவிடும். உள்ளங்கை அளவு சதுரத் துண்டுகளாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். முப்பது, நாற்பது சேர்ந்ததும் இணைத்தால் ஒரு டீப்பாய் விரிப்பு. அதில் ஒவ்வொரு துண்டும் ஒரு ஊர்ப் பயணம்.

எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். டேமில் மரத்தடியில் பாய் விரித்து, மீன் வறுவலுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது எடுக்கலாம். வறுவல் வந்த பிறகு எடுக்கக் கூடாது, எண்ணெய்க் கை பட்டால் நூல் பாழ். ஒகேனக்கல் போகிறீர்கள் என்றால் பென்னாகரம் வரைக்கும் போடுங்கள். அதற்கு மேல் மலை இறக்கம், வளைவுகளில் குனிந்து நூலைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும். பரிசலில் ஏறும்போது பையையே திறக்காதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பரிசல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முதல் தடவை ஏறியபோது நானும் உங்களைப் போலத்தான், வீட்டில் விட்டு வந்த தலையணை உறையை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கால்களை மடக்கிக் குந்தி உட்கார வேண்டியிருந்ததால் பார்வை தானாகக் கீழே போனது. மூங்கில் பட்டைகள் இரண்டு இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடுத்ததன் அடியில் புகுந்து, மறுபடி ஏறி வந்தன. நடுவில் நெருக்கம், ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி அகலம். எம்ப்ராய்டரியில் கூடைப் பின்னல் என்று நாம் போடுகிற அதே தையல், ஆனால் வட்டத்தில். சதுரத்தில் மட்டும்தான் அதைப் போட முடியும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பரிசல் ஓட்டியவர் துடுப்பை ஒரு சுற்று சுற்றிப் பரிசலைச் சுழல விட்டார். எல்லோரும் கத்தினார்கள். நான் மூங்கிலை எண்ணிக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்ததும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்து வைத்தேன். அந்த வட்டக் கூடைப் பின்னலை அப்புறம் நான்கு மேசை விரிப்பில் போட்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் ஊர்ப் பக்கம் இதற்கெல்லாம் ஒகேனக்கல் வரைகூடப் போக வேண்டாம். கிருஷ்ணகிரியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மாந்தோப்புதானே? மாந்தளிர் விடும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். செம்பு நிறத்தில் தொடங்கி, வெளிர்ப் பச்சையாகி, பிறகு கரும்பச்சை. அந்த மூன்று நிறத்தையும் ஒரே கொத்தில் பார்க்கலாம். நூல் கடையில் நிற அட்டையை வைத்துக்கொண்டு திணறுகிற நமக்கு அதைவிட நல்ல அட்டை எது? இரண்டு இலையைப் பறித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை கிருஷ்ணகிரிக்குக் கிளம்புங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களான நமக்குக் கட்டணம் கிடையாது, செலவு என்று யாரும் முணுமுணுக்கவும் முடியாது. தீர்த்தமலைக்கு நீங்கள் வராத வருத்தம் அவருக்கு இருக்கும், இந்த ஒரு பயணத்தில் பாதி கரைந்துவிடும்.

ஒரு முழு நாள் கிடைத்தால், அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்குப் போய் வாருங்கள். தர்மபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை, சுற்றிலும் மலை. 1993-ல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அங்குள்ள மலைவாழ் மக்களுக்காக மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாரம்பரியத் தையல் இடையில் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. டாக்டர் லலிதா தூண்டிவிட, ஊரில் அந்தத் தையல் தெரிந்த வயதான பெண்களிடமிருந்து மற்றவர்கள் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு 'போர்கை' என்ற பெயரில் அவர்களே ஒரு அமைப்பாக இயங்குகிறார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். அவர்களும் அடுப்பு, பிள்ளை, காடு கழனி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் ஊசியைப் பிடிக்கிறார்கள். அந்தத் தையலைக் கையில் எடுத்து, துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். அம்மா வீட்டில் குனிந்து செய்வது எவ்வளவு பெரிய குடும்பத்தைச் சேர்ந்த வேலை என்று அவளுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

மாமியார் சொன்ன காசு விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் முந்நூறு மணி நேரத்துக்கு மணிக்கு ஐம்பது ரூபாய் போட்டாலே பதினைந்தாயிரம். நம் ஊரில் ஒரு சுவர்ப் படத்துக்கு அவ்வளவு கொடுத்து வாங்க ஆள் தேட வேண்டும். விற்கத்தான் வேண்டும் என்றால் சீக்கிரம் முடிகிற ஜாக்கெட் கை வேலை, கர்ச்சீப் ஓரம் என்று வேறு வழி இருக்கிறது. மயிலை அதில் சேர்க்காதீர்கள். பெண்கள் கையால் செய்கிற எல்லாமே காசாக மாறினால்தான் மதிப்பு என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த மயில் உங்கள் கூடத்துச் சுவருக்கு என்று நினைத்து ஆரம்பித்தது, அங்கேயே இருக்கட்டும்.

மகளிடம் தனியாக ஒன்று சொல்லுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "நீ சொன்னது வலிச்சுது, ஆனா அதுல பாதி நிஜம்" என்று சொன்னால் போதும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு அது புரியும். பரீட்சை முடிந்ததும், விருப்பமிருந்தால் மயிலின் காலடிப் புல்லை அவளைப் போடச் சொல்லுங்கள். ஒரே நிறம், எண்ணிக்கை எளிது. கோணலாக வந்தாலும் பிரிக்காதீர்கள்.

கடைசியாக, அந்தப் பழுப்புப் புள்ளி. அது ஊசியின் துரு. வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தால், கை வியர்வையும் மழைக்கால ஈரமும் சேர்ந்து சில வாரத்தில் துருப்பிடித்துவிடும். என்னுடைய ஒரு தலையணை உறையும் இப்படித்தான் போயிற்று. வெறும் வெள்ளைத் துணியாக இருக்கிற இடமென்றால் எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துப் புள்ளியின் மேல் மட்டும் வைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வண்ண நூலின் மேல் சாறு பட்டால் நிறம் வெளுக்கும், அதனால் பக்கத்தில் தையல் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், அந்தக் கட்டத்தின் மேலேயே ஒரு தையல் போட்டு மூடிவிடுங்கள். இனிமேல் ஐந்து மணி ஆனதும் ஊசியை எடுத்து ஊசிப் பொட்டலத்தில் செருகுங்கள். துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தையும் கழற்றிவிடுங்கள், அதன் தடம் துணியில் நின்றுவிட்டால் போக்குவது கஷ்டம்.