பிளேட் தேய்ந்தது சரி, எதனால் தேய்ந்தது?

கேள்வி: ஐயா, நான் வண்டிப்பெரியாரில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் தேனியில் 2013ஆம் ஆண்டு மாடல் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். கேபிள் வகைக் கிளட்ச் உள்ள கார். சமதளத்தில் குறை சொல்ல முடியாமல் ஓடுகிறது. ஆனால் கம்பத்திலிருந்து திரும்பும்போது, லோயர்கேம்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி முன்னே போக மறுக்கிறது. குமுளி வந்து சேர்வதற்குள் கருகிய நாற்றமும் அடிக்கிறது. குமுளியில் ஒரு மெக்கானிக், கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். கம்பத்தில் இன்னொருவர் கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது? (வாசகர், வண்டிப்பெரியாறு)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கம்ப்ரஷன் போய், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்து, பலம் இழந்த எஞ்சின் ஏற்றத்தில் இரையாது. சுழற்சி குறைந்து, திணறி, கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும். இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லை என்றால், எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது, அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில் நழுவுகிறது என்றுதான் பொருள். நாற்றமும் அதையே சொல்கிறது. பிரேக் லைனிங் கருகினாலும் ஏறக்குறைய இதே வாடைதான் வரும் என்பதால் மலைப்பாதையில் பலர் குழம்புவார்கள். பொதுவாக, குமுளியிலிருந்து கீழே இறங்கிய பின் நாறினால் பிரேக், மேலே ஏறிய பின் நாறினால் கிளட்ச். பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டி மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் ஏதேனும் ஒரு சக்கரம் மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாதபடி சுடும்.

ஆயினும் ஊகத்தின் பேரில் எதையும் கழற்றக் கூடாது. சமதளத்தில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தியபடி நான்காவது கியரைப் போட்டு, கிளட்ச் பெடலைச் சீராக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே குலுங்கி அணைந்துவிடும். பெடல் முழுவதும் மேலே வந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் நழுவுகிறது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பிளேட்டின் மேல் மிச்சமிருக்கும் லைனிங்கைத்தான், அதாவது உராய்ந்து பிடிக்கும் பட்டையைத்தான், எரிக்கிறீர்கள். இதில் வண்டி ஒழுங்காக அணைந்துவிட்டால்கூட, ஓட்டத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது: நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால், ஸ்பீடாமீட்டர் முள் அசையாமல் எஞ்சின் இரைச்சல் மட்டும் எகிறுகிறதா என்று கவனியுங்கள்.

நழுவுவது உறுதியானதும், கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். பெடலைக் கையால் மெதுவாக அழுத்தும்போது எதிர்ப்பு தொடங்குவதற்கு முன் கொஞ்ச தூரம் வெறுமனே இறங்க வேண்டும். பல கார்களில் இந்தச் சும்மா ஆட்டம் 10 முதல் 25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. பிளேட் தேயத் தேய, அதை எஞ்சின் பக்கம் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் (நடுவில் உள்ள ஸ்பிரிங் நுனிகள்), பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வருவதால் இந்த ஆட்டம் குறைந்துகொண்டே போகும். அது முழுவதும் மறைந்துவிட்டால், நீங்கள் பெடலைத் தொடாமலேயே யாரோ பாதி மிதித்துக்கொண்டிருப்பது போல் ஆகிவிடும். அந்த நிலையில் பிளேட்டில் இன்னும் லைனிங் இருந்தால், கேபிளைச் சற்றுத் தளர்த்துவதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும்.

பழைய வண்டி வாங்கியவர் இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கேபிளின் முனையில், கியர்பாக்ஸ் பக்கம், சரிசெய்யும் நட் ஒன்று இருக்கும். அந்த நட் நெடுநாள் உட்கார்ந்திருந்த இடத்தின் மரைகள் பளிச்சென்றும், வெளியே தெரிந்துகொண்டிருந்த மரைகள் மண்ணும் துருவுமாகவும் இருக்கும். நட் இப்போது துருப்பிடித்த பகுதியில் நிற்க, அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று மரைகள் மட்டும் புதிதாக மின்னினால், அண்மையில் யாரோ அதை நகர்த்தியிருக்கிறார்கள். தளர்த்தும் திசையில், அதுவும் மரை முடியும் வரை நகர்த்தியிருந்தால், விற்பதற்கு முன் நழுவலை மறைக்கச் செய்த வேலையாக இருக்கலாம். இதைக் கொண்டு விற்றவரிடம் பணம் திரும்ப வாங்க முடியும் என்று நான் சொல்லவில்லை. எட்டு மாதம் ஓட்டிய பிறகு, தேய்மானப் பொருளான கிளட்ச்சுக்கு அவரைப் பொறுப்பாக்குவது கடினம். இனி கேபிளில் செய்ய எதுவும் மிச்சமில்லை, கியர்பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிடும்.

கம்பத்து மெக்கானிக்குடன் நான் மாறுபடுவது ‘பிளேட் மட்டும்’ என்ற இடத்தில். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் இந்த வேலையில் கனமானது. பிளேட்டை மட்டும் மாற்றினாலும் முழு செட்டை மாற்றினாலும் அந்தக் கூலி ஒன்றே. எனவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய பிளேட்டில் புது லைனிங் வைத்து ரிவெட் அடித்துத் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகள் அப்படி ஓடியதுண்டு. உங்கள் காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கியர்பாக்ஸ் இறங்கும் நேரத்தில் தயவுசெய்து பட்டறையில் இருங்கள். கழற்றிய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லைனிங் சீராகத் தேய்ந்து ரிவெட் தலைகள் தெரிகின்றன என்றால் அது வயதுக்குரிய தேய்மானம். தேய்மானம் அதிகமில்லாமல் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துக் கறுத்திருந்தால் வெப்பத்தில் கெட்டது. அதாவது ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்ச்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்தபடி, வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம், உங்களுடையதோ முந்தைய உரிமையாளருடையதோ. சபரிமலைக் காலத்தில் குமுளி எல்லையில் நிற்கும் வரிசையில் இதனாலேயே கெடும் கிளட்ச்சுகள் பல.

லைனிங் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்குடன் இருந்தால்தான் உண்மையான எச்சரிக்கை. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி மூக்கில் ஏறினால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸுக்குள் சக்தி நுழையும் தண்டின் (இன்புட் ஷாஃப்ட்) சீல் ஒழுகுகிறது. சாதாரண எஞ்சின் ஆயில் வாடை என்றால், கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான பிளைவீலுக்குப் பின்னால் உள்ள கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல். அந்த சீலை மாற்றாமல் புது பிளேட்டைப் போட்டால் சில மாதங்களில் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாள் தேய்த்துப் போடுவதும் வீண். உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறியதும் மறுபடி மேலே வரும்.

பிளைவீலின் முகத்தில் நீலநிறத் திட்டுகளோ, மயிரிழை போன்ற வெடிப்புகளோ, நகத்தில் தட்டுப்படும் கோடுகளோ இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இலேசான குறை என்றால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள் லேத்தில் முகம் எடுக்கலாம், அதாவது சீவிச் சமமாக்கலாம். வெடிப்பு ஆழமானால் மாற்றுவதே வழி. கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு. புது பிளேட்டை நடுப்படுத்தும் கருவி வைத்து மையத்தில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கினால் கவர் வளைந்து, வண்டி கிளம்பும்போது உதறும். வேலை முடிந்ததும் முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு முழுப் பாரத்துடன் மலை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: நேற்று ஆரியங்காவு அருகே கிளட்ச் பெடல் திடீரென்று தரையோடு போய்விட்டது, மேலே வரவே இல்லை. கேபிள் கிடையாது, எண்ணெயில் இயங்கும் கிளட்ச். பிளேட் போய்விட்டதா? (வாசகர், புளியரை)

பதில்: பெரும்பாலும் இல்லை. பிளேட் ஒரே நாளில் பெடலைத் தரைக்கு இழுக்காது. எண்ணெய் கசிந்தோ காற்று புகுந்தோ அழுத்தம் போயிருக்கும். பெடலைப் பல தடவை மிதித்ததும் சற்றே உயிர் வருகிறது என்றால் அது இன்னும் உறுதி. பானெட்டைத் திறந்து எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான் என்பதால், அளவு குறைந்திருந்தால் பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. பெடலுக்கு மேலேயும் கால்மிதியிலும் ஈரம் இருந்தால், பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கியர்பாக்ஸ் பக்கம் ஈரம் இருந்தால், அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர். அது வெளியே இருக்கும் வகை என்றால் சிறிய வேலை, பெல் ஹவுசிங்குக்குள் பேரிங்கோடு சேர்ந்த வகை என்றால் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், அப்போது கிளட்ச் செட்டின் நிலையையும் பார்த்துவிடுங்கள். மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றி, ரப்பர் சீல்கள் ஊதிப்போய் எல்லாவற்றையும் மாற்றிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். வழியில் நின்றால் முதல் கியரிலேயே ஸ்டார்ட் செய்து ஓரம் கட்டலாம். அந்த மலைப்பாதையை அப்படியே கடக்க முயல வேண்டாம்.

கேள்வி: கிளட்ச்சை மிதித்தால் ‘கர்ர்’ என்ற சத்தம், விட்டால் நின்றுவிடுகிறது. (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால்தான் கியர்பாக்ஸ் பேரிங். பாலக்காடு வரை உங்களுக்குப் பெரிய ஏற்றம் இல்லை என்பதால் சில நாட்கள் ஓட்டலாம். சத்தம் கூடிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம்; பேரிங் இறுகி நின்றுவிட்டால் பிரஷர் பிளேட்டின் விரல்களை அரைத்துத் தின்றுவிடும். அதுவரை, ஓட்டும்போது இடது காலைப் பெடலின் மேல் வைத்திருக்காமல் பக்கத்தில் வையுங்கள்.